ஜெய்லனின் நரம்பும் என் இடது காலும்

நடக்கும்போது இடது பாதம் ‘சப்’பென்று தரையில் அறைந்தது. ஈரத்துணியைத் துவைகல்லில் அடிப்பது போன்ற சத்தம். குதிகால் ஊன்றிய பிறகு முன்பாதம் மெதுவாக இறங்க வேண்டும்; என்னுடையது பொத்தென்று விழுந்தது. நான் கவனிக்கவே இல்லை. ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரர்தான், “இரண்டு நாளாக உன் ஒரு கால் மட்டும் சத்தம் போடுகிறதே” என்றார்.

2016 பிப்ரவரி அது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊரில், நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மிச்சிகன் ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற காற்று அந்த ஊரில்தான் அதைப் பனியாகக் கொட்டிவிட்டுப் போகும். வண்டி நிறுத்துமிடத்தில் புதுப்பனிக்கு அடியில் தரை கண்ணாடியாக உறைந்து கிடந்தது. இடது கால் வழுக்கி உள்ளே போக, முழங்கால் வெளிப்பக்கமாக வளைய, அதன் மேலேயே உட்கார்ந்தேன். எழுந்து, யாரும் பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனேன். சுளுக்கு என்று நினைத்து இரண்டு நாள் தைலம் தேய்த்தேன். அது முதல் தவறு.

இரண்டாவது தவறு, சிகிச்சையகத்தில் “பாதம் தூக்க வரவில்லை” என்று மட்டும் சொன்னது. அவர்கள் கணுக்காலைப் படம் எடுத்தார்கள். எலும்பு சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். பாதத்தைத் தூக்கும் பெரோனியல் நரம்பு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. அங்கே அதற்கு மேல் தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான் காவல். கோளாறு பாதத்தில் தெரியும்; அடி முழங்காலில் இருக்கும். ஒரு வாரம் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனபோது, எப்படி விழுந்தேன், எந்தப் பக்கம் வளைந்தது என்று நடித்தே காட்டினேன். அவர் உடனே முழங்காலைப் படம் எடுக்கச் சொன்னார். ஃபிபுலாவின் கழுத்தில் விரிசல், வெளிப்பக்க ஜவ்வில் பாதிக் கிழிசல், நரம்பு இழுபட்டிருக்கிறது. அதற்குப் பிறகு எந்த மருத்துவரிடம் போனாலும் எங்கே வலிக்கிறது என்பதற்கு முன்னால் எப்படி விழுந்தேன் என்பதைத்தான் சொல்கிறேன்.

பிசியோதெரபிக்குப் போன முதல் நாள், என் கோப்பைப் புரட்டிய அம்மையார் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “உனக்கு அடிபட்டிருப்பது ஜெய்லனின் நரம்பு.”

அந்த ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெட்ரோல் நிலையத்தில் காசு வாங்குகிற பையனுக்குக்கூட அந்தக் குளிர்காலத்தில் பெரோனியல் நரம்பு என்றால் என்ன என்று தெரிந்திருந்தது.

ஜெய்லன் ஸ்மித் எங்கள் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர்; ஃபோர்ட் வெய்ன்காரர். சவுத் பெண்டிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 2013இல் நோட்டர் டேமில் சேர்ந்தார். நான் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். எங்களுக்குள் இருந்த ஒற்றுமை அதோடு முடிந்தது. அவர் சேர்ந்த முதல் ஆண்டிலேயே 13 ஆட்டங்களிலும் தொடக்க அணியில் இறங்கினார். நான் முதல் ஆண்டு முழுவதும் ஒரே ஒரு வினைபொருளைச் சுத்திகரிக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தேன்.

அமெரிக்கக் கால்பந்து எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் ஆட்டத்தில் பந்து உண்மையில் நகர்வது கொஞ்ச நேரம்தான்; மற்ற நேரமெல்லாம் கூடிப் பேசுகிறார்கள். ஆய்வகத் தோழி ஒருத்தி ஒரு சனிக்கிழமை என்னை அரங்கத்துக்கு இழுத்துப் போய், “பந்தைப் பார்க்காதே, 9ஆம் எண்ணை மட்டும் பார்” என்றாள். அன்றிலிருந்துதான் ஆட்டம் புரிந்தது.

9ஆம் எண் ஜெய்லன். அவருடைய இடம் லைன்பேக்கர். தடுப்பாட்டத்தில் முன்வரிசைக்காரர்கள் மல்லுக்கு நிற்பார்கள். கடைசி வரிசைக்காரர்கள் தூரத்தில் ஓடுகிறவர்களைக் காவல் காப்பார்கள். நடுவில் நிற்கிற லைன்பேக்கர் இரண்டு வேலையும் செய்ய வேண்டும். பந்து கிளம்பும் அரை நொடிக்குள் எதிரணி ஓடப் போகிறதா எறியப் போகிறதா என்று படித்துவிட வேண்டும். கபடியில் நல்ல பிடிகாரன் பாடி வருகிறவனின் முகத்தைப் பார்க்க மாட்டான், இடுப்பைத்தான் பார்ப்பான் இல்லையா, அந்த மாதிரிக் கண். 6 அடி 2 அங்குல உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு, தன்னைவிட முப்பது கிலோ குறைந்த ஓட்டக்காரர்களைப் பக்கவாட்டில் துரத்திப் பிடிப்பார். அப்படித் துரத்தும்போது இடது காலை ஊன்றி ஒரு திருப்பு திருப்புவார் பாருங்கள், அதற்காகவே நான் டிக்கெட் வாங்க ஆரம்பித்தேன்.

அவருடைய கல்லூரி வாழ்க்கை வழவழப்பான பாதையும் அல்ல. முதல் ஆண்டு முடிந்ததும் தடுப்பாட்டப் பயிற்சியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். புதியவர் வேறு முறைமை கொண்டுவந்தார். ஓரத்தில் நின்று பழகியவரை உள்ளே நகர்த்தினார்கள். 2014இல் தவறான பக்கம் பாய்ந்து பந்தை விட்ட தருணங்களும் உண்டு. ஆனாலும் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நூறுக்கு மேல் டேக்கிள்கள், அதாவது பந்தோடு வருகிறவனைப் பிடித்து வீழ்த்துவது. 2015இல் அணித் தலைவர்களில் ஒருவர். அந்தப் பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களுக்குள்ளேயே முக்கிய ஓட்டக்காரரும் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கும் அடிபட்டு வெளியேறினார்கள். மழையில் கிளெம்சனிடம் 24-22, கடைசி நொடி உதையில் ஸ்டான்ஃபோர்டிடம் 38-36. இரண்டே தோல்வி, இரண்டும் சேர்த்து நான்கு புள்ளி. அவ்வளவுதான் அவர்களுக்கும் தேசியப் பட்டத்துக்கான நால்வர் சுற்றுக்கும் இருந்த தூரம். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது ஜெய்லனுக்குக் கிடைத்தது. பள்ளியிலும் அதே பெயரிலான விருதை வாங்கியவர். இரண்டு நிலையிலும் வாங்கிய முதல் ஆள்.

2016 ஜனவரி 1. அரிசோனா மாநிலம் கிளெண்டேலில் ஃபியெஸ்டா பவுல் என்ற பருவ இறுதி ஆட்டம், எதிரணி ஓஹையோ ஸ்டேட். நால்வர் சுற்றுக்கு வெளியே நடந்த ஆட்டம். வென்றாலும் பட்டம் இல்லை. நாங்கள் எட்டுப் பேர் ஒரு வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். புத்தாண்டுக்கு நான் செய்த கேசரி மேசையில் இருந்தது. முதல் கால்பகுதியிலேயே அது நடந்தது. பந்து போன திசையில் ஜெய்லன் துரத்திக்கொண்டிருந்தார். ஆட்டம் அடங்குகிற தறுவாயில் எதிரணித் தடுப்பாளர் ஒருவர் தள்ளினார். நடுவர் விதிமீறல் என்று எதுவும் சொல்லவில்லை. இடது கால் தரையில் ஊன்றியிருந்தது. உடம்பு மட்டும் போனது. முழங்கால் பின்பக்கமாக வளைந்ததை மறுஒளிபரப்பில் காட்டினார்கள். இரண்டாம் முறை நான் பார்க்கவில்லை. ஆட்டத்தை 44-28 என்று தோற்றதை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய முன்குறுக்கு ஜவ்வும் வெளிப்பக்க ஜவ்வும் கிழிந்திருந்தன. ஜவ்வு கிழிவது அந்த விளையாட்டில் அன்றாடம். தைத்து, ஒன்பது மாதம் பயிற்சி செய்து, திரும்பி வந்துவிடுவார்கள். அந்த வெளிப்பக்க ஜவ்வின் பக்கத்திலேயே ஓடுகிற நரம்பும் இழுபட்டுவிட்டது என்பது பிறகுதான் மெல்லக் கசிந்தது. பிப்ரவரியில் இண்டியானாபொலிஸில் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைப் பரிசோதிக்கும் முகாம் நடந்தது. அங்கே அணி மருத்துவர்கள் அவர் காலைப் பார்த்த பிறகு, அவருக்குப் பாதம் தூக்க வரவில்லை என்ற செய்தி வந்தது. நான் ஃபிபுலா விரிசலோடு கட்டிலில் கிடந்து அதைப் படித்தேன்.

தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கிற தேர்வில் அவர் முதல் ஐந்து இடத்துக்குள் போவார் என்று, அடி படுவதற்கு முன், எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரலில் முதல் சுற்று முழுவதும் அவர் பெயர் வரவில்லை. மறுநாள், இரண்டாம் சுற்றில், 34ஆவது ஆளாக டல்லஸ் கௌபாய்ஸ் அவரை எடுத்தது. அவருக்கு அறுவை சிகிச்சை செய்தவர் அந்த அணியின் மருத்துவர்தான். காலைத் திறந்து நரம்பைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள். அறுபடவில்லை, இழுபட்டிருக்கிறது, திரும்பி வரலாம் என்று அவருக்குத் தெரிந்தது மற்ற 31 அணிகளுக்குத் தெரியாது. அதே ஃபியெஸ்டா பவுலில் எங்கள் அணிக்கு எதிராக நான்கு டச்டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டுவது) அடித்த ஓஹையோ ஸ்டேட்டின் எஸிகியல் எலியட்டை அதே டல்லஸ் நான்காவது ஆளாக எடுத்திருந்தது.

அவர் காப்பீடு எடுத்து வைத்திருந்தார். காயத்தால் தேர்வில் சரிந்தால் இழப்பை ஈடுசெய்கிற வகைக் காப்பீடு. அதில் சுமார் 9 லட்சம் டாலர் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. முதல் ஐந்துக்கும் 34க்கும் உள்ள இடைவெளியை அது நிரப்பாது. ஆனால் கல்லூரி வீரர்களுக்குச் சம்பளமே கிடையாத காலம் அது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு போன்ற செலவுகள்தான். இருபது வயதில் ஒருவன் தன் முழங்காலுக்கு விலை போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறான் என்பது என்னை உலுக்கியது. நான் என் மாணவர் காப்பீட்டுப் புத்தகத்தை அன்றுதான் முதல் முறையாகத் திறந்தேன்.

திறந்தது நல்லதாகப் போயிற்று. ஆண்டுக்கு இத்தனை முறைதான் பிசியோதெரபி என்று அதில் ஓர் உச்சவரம்பு இருந்தது. வாரம் மூன்று முறை போய்க்கொண்டிருந்தேன். அப்படியே போயிருந்தால் ஜூனில் தீர்ந்திருக்கும். அந்த அம்மையாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “இப்போது உன் தசை தூங்குகிறது. தூங்குகிறவனுக்குப் பாடம் நடத்த நான் எதற்கு? வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லித் தருகிறேன், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வா. விழித்த பிறகு மீதியைச் செலவழிக்கலாம்” என்றார். நரம்புக் காயத்தில் பயிற்சியாளர் அதிகம் தேவைப்படுவது பிற்பாதியில்தான். காப்பீடு இல்லாமல் கைக்காசு கொடுக்கிறவர்களுக்கும் அதே கணக்கு பொருந்தும்.

நரம்பு எப்படி வளர்கிறது என்று மருத்துவர் விளக்கினார். உள்ளிழை அறுந்து, மேலுறை அறுபடாமல் இருந்தால், அந்த உறைக்குள்ளேயே இழை மறுபடி முளைத்து வரும். நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். மாதத்துக்கு ஓர் அங்குலம். மருந்தாலோ மன உறுதியாலோ அதை இரண்டு மில்லிமீட்டர் ஆக்க முடியாது. முழங்காலிலிருந்து கெண்டைக்கால் முன்தசைக்குப் போய்ச் சேரவே மாதக்கணக்கு ஆகும். கட்டைவிரலைத் தூக்கும் தசைக்கு அதற்கும் மேல்.

அன்றிரவு ஊருக்குப் பேசினேன். அம்மா, “பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்” என்று அழுதாள். பட்டது ஒரே ஒரு முறைதான் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. அப்பா போனை வாங்கினார். பேராவூரணிப் பக்கம் கடைமடை விவசாயி அவர். மில்லிமீட்டர் கணக்கைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மேட்டூரில் திறந்த தண்ணீர் நமக்கு வருகிற மாதிரிதானே ஆயி? நாம் கத்தினால் சீக்கிரம் வருமா? வருகிறபோது வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் வந்த தண்ணீரும் வயலுக்கு ஏறாது. நீ தூர்வாரி வை” என்றார்.

மருத்துவர் அரை மணி நேரம் சொன்னதைவிட எனக்கு அது தெளிவாகப் புரிந்தது. அடுத்த ஐந்து மாதமும் நான் செய்தது தூர்வாரல்தான்.

காலையும் இரவும், காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைப் பாதத்தில் மாட்டி என் பக்கம் இழுத்துப் பிடிப்பேன். பாதம் தொங்கிக்கொண்டே இருந்தால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அந்தப் பின்தசைநார் சுருங்கிவிடும். பிறகு நரம்பு பிழைத்து வந்தாலும் பாதம் மேலே வராது. தூங்கும்போது போர்வையின் கனமே பாதத்தைக் கீழே அழுத்தும் என்பதால் கட்டிலின் கால்மாட்டில் தலையணையை நிறுத்தி, போர்வையை அதன் மேல் கூடாரமாகப் போட்டேன்.

பாதத்தைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொள்ள ஏ.எஃப்.ஓ. என்ற பிளாஸ்டிக் தாங்கி கொடுத்தார்கள். குதிகாலிலிருந்து கெண்டைக்கால் வரை வருகிற ஒரு வளைந்த தகடு. செருப்பில் நுழையாது, ஷூவில்தான் நுழையும். பெரிய அளவு ஷூ வாங்கினேன். வலது கால் உள்ளே நீந்தியது. பழைய ஷூவிலேயே இடது பக்கத்து உள்மெத்தையை உருவி எடுத்துவிட்டால் தாங்கி அழகாக உட்காரும் என்பதை இரண்டாவது மாதம் ஒரு முதியவர் காத்திருப்பு அறையில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாற்பது டாலர் வீண்.

மேல்பாதத்தில் உணர்ச்சி இல்லை. தாங்கியின் ஓரம் உரசி அங்கே புண் வந்து, காலுறையில் ரத்தம் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு தினமும் இரவு விளக்கு வெளிச்சத்தில் காலைத் திருப்பிப் பார்ப்பது வழக்கமாயிற்று. வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. மரத்த தோல் வெந்தாலும் சொல்லாது. குளியலறை மிதியடி, கம்பள விளிம்பு எல்லாவற்றையும் சுருட்டி வைத்தேன். விரல் நுனி மாட்டித்தான் இந்த நோய்க்காரர்கள் விழுகிறார்கள்.

நமக்குக் கடினமான ஒன்று உண்டு. சம்மணமிடக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது. மூன்றிலும் அந்த நரம்பு எலும்போடு நசுங்குகிறது. பழத்தோட்டத்தில் மணிக்கணக்கில் குந்தி அமர்ந்து பறிக்கிறவர்களுக்கு, எந்த அடியும் படாமலே இப்படிப் பாதம் விழுவதுண்டு என்று மருத்துவர் சொன்னார். களையெடுக்கப் போய் வந்து “கால் மரத்துப் போச்சு” என்று திண்ணையில் உட்கார்ந்து தேய்த்துக்கொள்கிற எங்கள் ஊர்ப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். எழுந்த பிறகும் மரப்பு போகாமல், பாதம் தூக்க வராமல் இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். நாட்டு மருந்தும் கட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் காத்திருப்பதற்கும் ஒரு கெடு இருக்கிறது. நரம்பு வராத தசை ஒன்று, ஒன்றரை ஆண்டில் நிரந்தரமாக மெலிந்துவிடும். அதற்குப் பின் தண்ணீர் வந்தும் பயிர் இல்லை. நரம்பு தானாக வருமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று முதல் ஆறு மாதத்துக்குள் நரம்பு தெரிந்த மருத்துவர் ஒருவர் தீர்மானிப்பது நல்லது. தசைக்குள் ஊசி செலுத்தி மின்குறிப்பு எடுக்கிற பரிசோதனையை விழுந்த மறுநாளே செய்தால் பாதி உண்மைதான் சொல்லும். மூன்று வாரம் ஆக வேண்டும். எனக்கு மூன்றாவது மாதம் மறுபடி எடுத்தார்கள். கோடு ஏறக்குறைய தட்டையாகத்தான் இருந்தது.

அந்த மே மாதம் மோசமானது. ஜெய்லன் ஒரு நேர்காணல் விடாமல் சிரித்த முகத்தோடு, தான் முன்பைவிட நன்றாகத் திரும்பி வரப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உனக்கு ஓர் அணியே பின்னால் நிற்கிறது, எனக்கு ஒரு துண்டு இருக்கிறது என்று தொலைக்காட்சியைப் பார்த்து முணுமுணுத்திருக்கிறேன். ஒரே நரம்பு என்பதற்காக அவருடைய நாள்காட்டியை என் சுவரில் மாட்டியது என் மடத்தனம். அவருக்கு இரண்டு ஜவ்வு போயிருந்தது. எனக்கு ஒன்று, அதுவும் பாதி. அவர் நூறு கிலோ ஆட்களை மோதித் தள்ள வேண்டும். நான் இரண்டாவது மாடிக்கு ஏறினால் போதும். அந்த அம்மையார்தான் ஒரு நாள் என் தொலைபேசியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்து, “அவன் செய்தியை வாரம் ஒரு முறை படி. உன் காலைத் தினமும் படி” என்றார்.

காலைப் படிப்பது என்றால், முழங்காலுக்குக் கீழே நரம்பு போகிற வழியில் விரலால் லேசாகத் தட்டிக்கொண்டே இறங்குவது. இழை எதுவரை வளர்ந்திருக்கிறதோ அங்கே தட்டினால் பாதத்தில் சுரீரென்று மின்சாரம் அடிப்பது போல இருக்கும். பேனாவால் அங்கே ஒரு புள்ளி வைப்பேன். ஏப்ரலில் வைத்த புள்ளிக்கும் ஜூனில் வைத்த புள்ளிக்கும் இடையில் நான்கு விரற்கடை இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். “தண்ணீர் எங்கே வந்திருக்கிறது?” என்று அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பார்.

ஜூலை கடைசியில் ஒரு மாலை. வழக்கம்போல் பாதத்தைத் தூக்கச் சொல்லி மனதால் கட்டளை போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் வராத பயிற்சி அது. ஆனாலும் தினமும் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முன்தசையில் தோலுக்கடியில் ஒரு புழு நெளிந்த மாதிரி இருந்தது. பாதம் அசையவில்லை. ஆனால் நெளிந்தது. மறுபடி முயன்றேன், இல்லை. மூன்றாவது முறை நெளிந்தது. எழுந்து போய்த் தேநீர் போட்டேன். கை நடுங்கிச் சர்க்கரை கொட்டியது.

அதன் பிறகுதான் சேமித்து வைத்திருந்த பிசியோதெரபி நாட்களைச் செலவழித்தேன். நவம்பரில் வீட்டுக்குள் தாங்கி இல்லாமல் நடந்தேன். அடுத்த வசந்தத்தில் ‘சப்’ சத்தம் போயிற்று.

ஜெய்லன் 2016 பருவம் முழுவதும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. 2017இல் ஷூவுக்குள் தாங்கியோடு இறங்கினார். தாங்கி போட்டுக்கொண்டு தெருவில் திரும்புவதே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் அதோடு ஓட்டக்காரர்களைத் துரத்தினார். திரும்பும்போது அரை அடி பிந்தினார். பழைய வேகம் போய்விட்டது, வீண் தேர்வு என்றெல்லாம் எழுதினார்கள். கல்லூரியில் பார்த்த அந்த இடது கால் திருப்பு இல்லைதான். எனக்கு அவர் நிற்பதே போதுமாக இருந்தது.

2018இல் தாங்கியைக் கழற்றினார். டிசம்பரில் தம்பா பே அணிக்கு எதிரான ஆட்டம். தரையில் சிதறிய பந்தை அள்ளிக்கொண்டு 69 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். எல்லோரும் பந்தைப் பார்த்திருப்பார்கள். நான் ஒவ்வொரு எட்டிலும் அந்த இடது முன்பாதம் மேலே வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் டல்லஸ் அவரோடு ஐந்து ஆண்டுகளுக்கு, 6.4 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தம் போட்டது. 2021 அக்டோபரில் அதே அணி அவரை விடுவித்தது. பிறகு வேறு அணிகள். தொழில்முறை விளையாட்டு அப்படித்தான்.

வென்றாலும் பட்டம் இல்லாத அந்த ஃபியெஸ்டா பவுலில் அவர் ஏன் இறங்கினார் என்று அடிபட்ட குளிர்காலம் முழுவதும் ஊரில் பேச்சு. தான் வருந்தவில்லை என்றுதான் அவர் சொல்லிவந்தார். ஆனால் 2016 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் லெனார்ட் ஃபோர்னெட்டும் தங்கள் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் இறங்க மறுத்தார்கள். அணியைக் கைவிட்டவர்கள் என்று பலர் திட்டினார்கள். ஜெய்லனின் முழங்கால் ஞாபகம் வந்தவர்கள் திட்டவில்லை. இப்போது அது சாதாரணமாகிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025இலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். அரங்கத்தில் எண்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தபோது நடுவில் ஓடியவனுக்கு மட்டும் சம்பளம் இல்லை என்பது, டிக்கெட் வாங்கிய எனக்கும் அன்று உறைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்துவிட்டேன். வண்டி ஓட்டுகிறேன், மாடி ஏறுகிறேன், வகுப்பில் மூன்று மணி நேரம் நிற்கிறேன். கட்டைவிரல் மட்டும் முழுதாக மேலே வரவில்லை. கடைசி மடை அது. அங்கே தண்ணீர் கொஞ்சம்தான் வந்தது. இதனால் ஒரே ஒரு தொல்லை: ரப்பர் செருப்பைக் கட்டைவிரல்தான் பிடித்துக்கொள்கிறது என்று நமக்கெல்லாம் தெரிவதில்லை. வரப்பில் நடக்கும்போது என் இடது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அப்பா அதைக் குனிந்து எடுத்து வருவார். போன பொங்கலுக்குப் பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் அவரே தேடிப்பிடித்து, பின்னால் வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தார். வலது செருப்பின் வாரை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, “இதற்கு எதற்குத் தண்டமாக?” என்றார்.